அரசலாற்றுக்குத் தெற்கே ரயில் இல்லை

ரயில் பித்து – 11

சென்ற வாரம் மைக்கேல் சட்டோவை டெல்லியில் விட்டுவிட்டு வந்தோம். ஐ.சி.ஐ. நிறுவனத்துக்காக இந்தியாவில் வேலை பார்த்த அந்த ஆங்கிலேயர், உடைப்புக்குப் போக இருந்த பழைய எஞ்சின்களைத் தேடிப் பட்டியலிட்டார். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று ரயில்வேக்கு ஆலோசனை சொன்னார். 1977 பிப்ரவரியில் சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தபோது, அந்தப் பித்தின் பலன் ஊரறியத் தண்டவாளத்தில் நின்றது. 1895இல் ஆஜ்மீர் பணிமனையில் செய்யப்பட்ட எஃப் 734 என்ற மீட்டர் கேஜ் எஞ்சினும் அங்கே இருக்கிறது.

அதற்கு முந்தைய பகுதிகளில், 1891இல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் அளவு வகுத்த பொம்மைத் தண்டவாளத்தைக் காட்டியதையும், 1998இல் புனேயில் திறந்த ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். நம் வீடுகளில் கொலுப் படிக்குக் கீழே மணல் பரப்பிப் பூங்கா கட்டி, சாவி கொடுத்து ஓட்டிய தகர ரயிலையும் மறக்கவில்லை.

இந்த வாரம் எஞ்சின்களை ஓரமாக நிறுத்துவோம். நம் கதை டெல்டாக் கடற்கரைக்கு வருகிறது. காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவே, திருமலைராயன்பட்டினத்துக்கு.

மேசை மேல் ஒரு கடற்கரை

இந்தக் கரையின் பழைய ரயிலை வீட்டில் மாதிரியாகக் கட்ட ஒருவர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்கு அளவு வேண்டும்.

உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் நிஜத்தின் 87இல் ஒரு பங்குதான் மாதிரி. ஐரோப்பிய ரயிலின் 1435 மில்லிமீட்டர் பாதை அதில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதைச் சரியாகச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே இந்திய மாதிரிகள் பல 16.5இலேயே ஓடுகின்றன. பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு எஞ்சின் தன் பாதையைவிடக் கொஞ்சம் பெருத்துத் தெரியும்.

மீட்டர் கேஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ் என்பதால், அதன் ரசிகர்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக விற்கிறது. ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்த தண்டவாளத்தை வாங்கி, அதன் இரு பக்கமும் நெல் வயலும் பனைமரமும் வைத்தால் தஞ்சை ஜில்லா வந்துவிடும்.

அடுத்தது தூரம். பேரளத்திலிருந்து காரைக்கால் வரை சுமார் 23.5 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில் அது 270 மீட்டர். எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. மாதிரி கட்டுகிறவர்கள் வயல்வெளியைச் சுருக்கி, நிலையங்களை நெருக்கி வைப்பார்கள். அது தொழிலில் ஒப்புக்கொண்ட வழக்கம்.

சுருக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. தண்டவாளம் முடியும் இடம். பாதை ஓரிடத்தில் நிற்கிறது என்றால், ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கு மாதிரியில் ஒரு காரணம் தெரிய வேண்டும். கடல் இருக்கலாம், மலை இருக்கலாம், சுரங்கம் இருக்கலாம். காரணம் இல்லாமல் நிற்கும் பாதையை நல்ல கலைஞன் மேசையில் வைக்க மாட்டான்.

காரைக்கால் மாதிரி சிக்கலாவது இங்கேதான். வடக்கே காரைக்காலில் ஒரு பாதை வந்து முடிந்தது. தெற்கே நாகூரில் இன்னொரு பாதை வந்து முடிந்தது. இரண்டும் ஒரே மீட்டர் கேஜ். இரண்டிலும் வண்டி ஓட்டியது ஒரே கம்பெனி. நடுவே சுமார் 10 கிலோமீட்டர் மட்டும் வெற்றிடம். மாதிரியில் 115 மீட்டர். அந்த வெற்றிடத்தின் மையத்தில் திருமலைராயன்பட்டினம். இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி பல பத்தாண்டுகள் நின்றன.

யார் அந்த இடைவெளியை வைத்தது?

அகலம் குறைந்த கதை

விடை தேட நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் மிகப் பழைய ரயில் முனைகளில் ஒன்று அது.

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற லண்டன் கம்பெனி 1859இல் அங்கே வேலையைத் தொடங்கியது. 1861இல் தஞ்சாவூர் வரை ரயில் ஓடியது. 1862இல் திருச்சிராப்பள்ளி வரை. துறைமுகத்திலிருந்து உள்நாட்டை நோக்கிப் போன பாதை. நெல்லும் துணியும் கடலுக்கு வர வேண்டும், சீமைச் சரக்கு ஊருக்குள் போக வேண்டும். அந்தப் பாதை அகலப்பாதை.

பிறகு ஒரு திருப்பம். 1870இல் வைஸ்ராய் மேயோவின் அரசு, செலவைக் குறைக்க மீட்டர் கேஜைக் கையில் எடுத்தது. 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. அடுத்த ஆண்டே நாகப்பட்டினம் – திருச்சி அகலப்பாதையைப் பெயர்த்து மீட்டர் கேஜாகப் போட்டார்கள்.

இது நாடு முழுவதும் ரயில் ரசிகர்கள் நின்று பார்க்கும் நிகழ்ச்சி. குறுகலான பாதையை அகலப்படுத்துவது எங்கும் நடக்கும். போட்ட அகலப்பாதையைக் குறுக்கியது இந்திய ரயில் வரலாற்றில் அபூர்வம். டெல்டா அதன் பிறகு ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் மீட்டர் கேஜ் நாடாகவே இருந்தது.

நம் கதைக்கு இதில் ஒன்று முக்கியம். மீட்டர் கேஜ் வந்ததால் கிளைப் பாதை மலிவானது. கம்பெனியும் அரசும் மட்டும் அல்லாமல், ஒரு ஜில்லா போர்டுகூட ரயில் போடலாம் என்ற நிலை வந்தது.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு அதைச் செய்தும் காட்டியது. நில உடைமையாளர்களிடம் ரயில்வே செஸ் வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டது. 1894இல் ரயில் ஓடியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. சொத்து போர்டுடையது. உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் உள்ளூர் நிர்வாகம் சொந்தமாக ரயில் வைத்திருந்தது என்பதை இன்றைக்கும் டெல்டாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதிகம் பேர் சொல்வதில்லை என்பது என் குறை.

அந்தப் பாதையில் மாயவரத்துக்குத் தெற்கே ஒரு சிறு நிலையம், பேரளம். கிழக்கே பார்த்தால் பிரெஞ்சு எல்லை கூப்பிடு தூரம்.

1898 மார்ச்

காரைக்காலை 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை அரசரிடமிருந்து பெற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆறு கம்யூன்கள் கொண்ட சிறு நிலப்பரப்பு. காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, பிறகு பிரெஞ்சுக் காகிதங்களில் லா கிராந்த் அல்தே என்று எழுதப்பட்ட திருமலைராயன்பட்டினம். 1901 கணக்கெடுப்பில் ஆறுக்கும் சேர்த்து மக்கள்தொகை 56,595.

சின்ன நிலம், பெரிய வணிகம். காரைக்காலிலிருந்து அரிசி இலங்கைக்குப் போனது. ரெயூனியனுக்கும் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் கூலியாட்கள் கப்பல் ஏறிய துறைகளில் இதுவும் ஒன்று. அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மன் வழிபாட்டை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பக்கத்திலேயே நாகப்பட்டினம். அங்கே ரயில் கடற்கரை வரை வந்து சரக்கை இறக்கியது. காரைக்கால் வணிகரோ மாட்டு வண்டியையும் ஆற்றுத் தோணியையும் நம்பி இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கழிந்தன. இரு துறைமுகங்களும் ஒரே டெல்டாவின் நெல்லுக்குப் போட்டியிட்டபோது, ரயில் இருந்த துறைமுகம்தான் வெல்லும். பிரெஞ்சு நிர்வாகத்துக்கு இது தெரியாமல் இல்லை. புதுச்சேரியை 1879லேயே விழுப்புரத்தோடு ரயில் இணைத்துவிட்டது. மீதி இருந்தது காரைக்கால்.

ஜில்லா போர்டு பாதை பேரளம் வழியாகப் போனதும் வாய்ப்பு வந்தது. 1898 மார்ச்சில் பேரளம் – காரைக்கால் ரயில் ஓடியது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதையின் உரிமை பிரெஞ்சு அரசுக்கு. ஓட்டுவது ஆங்கிலக் கம்பெனி. சேரும் இடம் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பாதை. பாதையின் ஒரு முனை பிரிட்டிஷ் இந்தியாவில், மறுமுனை பிரான்ஸின் கொடிக்குக் கீழே. பேரளம் பிளாட்பாரத்தில் மூன்று உரிமையாளர்களின் கணக்கு ஒன்று சேர்ந்தது. உலக ரயில் ரசிகர்கள் இப்படிப்பட்ட சிறு பாதைகளைத் தேடித் தேடிப் படிப்பார்கள். இத்தனை கை சேர்ந்த 23 கிலோமீட்டர் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பாதை எங்கே போனது என்று பாருங்கள். அம்பகரத்தூர், திருநள்ளாறு, காரைக்கால். அம்பகரத்தூரில் பத்ரகாளி. திருநள்ளாற்றில் சனீஸ்வரர். பக்தர் கூட்டம் எந்தப் பாதைக்கும் வருமானம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஊர்கள் எல்லாம் அரசலாற்றுக்கு வடக்கே இருக்கின்றன. காரைக்கால் நகரமும் ஆற்றின் வடகரையில்தான்.

ஆகவே ரயில் அரசலாற்றைத் தாண்டவே இல்லை. தென்கரையில் இருந்த நிரவிக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும், பக்கத்துக் கம்யூனில் வண்டி கூவியது காதில் விழுந்திருக்கும். அவர்கள் ஊருக்குள் வரவில்லை.

ஆறா, எல்லையா?

ஆறுகள் குறுக்கே இருந்தன என்று ஒரு விடை சொல்லப்படுவது உண்டு. நாகூரிலிருந்து வடக்கே வந்தால் வெட்டாறு, பிராவடையனாறு, திருமலைராஜனாறு, அரசலாறு என நான்கைக் கடக்க வேண்டும். எல்லாம் கடலைத் தொடப்போகும் இடத்தில் அகன்று கிடப்பவை. பாலம் செலவு பிடிக்கும்.

இந்த விடை எனக்குப் போதவில்லை. டெல்டாவில் ரயில் போடுவது என்றாலே ஆறு தாண்டுவதுதான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும், மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் காவிரியின் கிளைகளையும் வாய்க்கால்களையும் தாண்டித்தான் பாதை போட்டார்கள். 1860களிலும் 1890களிலும் அதைச் செய்த பொறியாளர்கள் நான்கு பாலத்துக்கு மலைத்திருக்க மாட்டார்கள்.

மாதிரி கட்டுகிற நம் ரசிகரின் மேசைக்குத் திரும்புவோம். அவர் வரைபடத்தில் ஆறுகளை நீல நிறத்தில் வரைந்துவிட்டார். இப்போது இன்னொரு கோட்டை வரைய வேண்டும். வாஞ்சூரில் போகும் எல்லைக்கோடு. தெற்கே பிரிட்டிஷ் நாகூர். வடக்கே பிரெஞ்சு மண்.

அந்தக் கோடு காகிதத்தில் மட்டும் இருந்ததில்லை. 1815 ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியேற்றங்களின் உப்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்காக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்தது. உப்பு வரி பிரிட்டிஷ் இந்தியாவின் கஜானாவுக்கு அவ்வளவு முக்கியம். பிரெஞ்சுத் துறையில் இறங்கும் வெளிநாட்டுச் சரக்கு, எல்லை தாண்டினால் தீர்வை கட்ட வேண்டும். எந்தச் சாலையில் வந்தாலும் சுங்கக்காரர்கள் கண் வைத்திருந்தார்கள்.

மனிதர்களுக்கும் அதே கண். 1908இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போன பாரதியார், பத்து ஆண்டுகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தார். 1918 நவம்பரில் வெளியே வந்தபோது கடலூரில் கைது செய்தார்கள். சில அடி அகலமுள்ள எல்லை ஒரு கவிஞரின் வாழ்க்கையில் பத்து ஆண்டைத் தீர்மானித்தது.

இந்தக் கோட்டின் மேல் ரயில் போனால் என்ன ஆகும்? பேரளத்தில் ஒரு வாசல் ஏற்கெனவே இருந்தது. காரைக்காலுக்குப் போகிற வருகிற சரக்கும் பயணியும் அந்த ஒரு வழியில் வந்தால் கண்காணிப்பது எளிது. நாகூரிலும் ஒரு வாசல் திறந்தால் கண்காணிப்பும் இரண்டாகும். அதோடு, நாகப்பட்டினம் துறைமுகத்தை வளர்த்த கம்பெனிக்குப் போட்டித் துறைமுகத்தை அதன் பின்வாசலோடு இணைத்துவிட என்ன அவசரம்? பிரெஞ்சு அரசுக்கும் தன் சரக்கைத் தெற்கே நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும் பாதையில் லாபமில்லை. வடமேற்கே மாயவரத்துக்கும் அங்கிருந்து சென்னைக்கும் போவதே அதற்கு வேண்டியது.

இரு தரப்புக்கும் அந்த 10 கிலோமீட்டர் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் மட்டுமே. அவர்களைக் கேட்டு யாரும் அன்று பாதை போடவில்லை. இதுதான் என் முடிவு.

மாசி மகத்துக் கூட்டம்

திருமலைராயன்பட்டினம் யாரும் போகாத ஊராக இருந்திருந்தால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை.

காளமேகப் புலவர் திருமலைராயன் சபையில் வாதம் செய்தார் என்றும், கோபத்தில் மண்மாரி பொழியப் பாடினார் என்றும் தமிழ் படித்த எவருக்கும் தெரிந்த கதை இந்த ஊருடையது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்து சௌரிராஜப் பெருமாள் இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கடலை நோக்கித் திரளும் நாள் அது.

தெற்கே ஐந்து கிலோமீட்டரில் நாகூர் தர்கா. கந்தூரிக்கு ரயில் ஏறி வர முடிந்தது. வடமேற்கே திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சிக்கு ரயில் ஏறி வர முடிந்தது. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கும் அப்படியே. மாசி மகத்துக்கு மட்டும் இரு முனையிலும் இறங்கி நடக்க வேண்டும், இல்லையேல் வண்டி பிடிக்க வேண்டும். கூட்டம் குறையவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு டிக்கெட்கூட ரயில்வேயின் கணக்கில் இந்த ஊர்ப் பெயரோடு ஏறவில்லை.

மாதிரி கட்டுகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று. நாகூர் நிலையத்தையும் காரைக்கால் நிலையத்தையும் மேசையின் இரு ஓரத்தில் வையுங்கள். நடுவே தண்டவாளம் இல்லாத திருமலைராயன்பட்டினத்தைக் கட்டுங்கள். சாலையில் மாட்டு வண்டிகள் நிற்கட்டும். வாஞ்சூரில் ஒரு சுங்கச் சாவடி. கடற்கரையில் பல்லக்கும் மீனவர்களும். ரயில் ஓடாத அந்தப் பகுதிதான் மாதிரியிலேயே அதிகம் பேசும் பகுதியாக இருக்கும்.

கோடு அழிந்த நாள்

முதலில் கம்பெனி போனது. 1944இல் தென்னிந்திய ரயில்வேயை அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று அது தெற்கு ரயில்வேயின் பகுதியானது. காரைக்கால் பாதையில் வண்டி ஓட்டுவது இப்போது சுதந்திர இந்தியாவின் ரயில்வே. கடைசி நிலையத்தில் பறப்பது இன்னும் பிரெஞ்சுக் கொடி.

இடையில் 1941இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியம் ஏற்படுத்திக்கொண்டன. 1949இல் அது முடிந்து எல்லை மறுபடி இறுகியது. கடல் தவிர மற்ற பக்கமெல்லாம் இந்தியா சூழ்ந்த ஊருக்கு அரிசியும் எண்ணெயும் வருவதே பேச்சுவார்த்தை ஆன காலம் அது. விடுதலைப் போராட்டம் காரைக்காலிலும் வலுத்தது.

1954 நவம்பர் 1. காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டில் முடிந்தது.

வாஞ்சூர்க் கோட்டுக்கு இருநூறு ஆண்டுகளாக இருந்த பொருள் போய்விட்டது. இரு பக்கமும் ஒரே நாடு. இரு முனையிலும் ஒரே ரயில்வே. ஒரே அகலத் தண்டவாளம். இடையில் 10 கிலோமீட்டர். இனி என்ன தடை?

அடுத்த ஆண்டே பாலம் கட்டத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை.

ஐம்பதுகள் போயின. டாட்டாவின் டெல்கோ ஆலை ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்களைச் செய்து மீட்டர் கேஜ் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசி ஒய்.பி. 1970இல் வந்தது. எழுபதுகளும் போயின. நாகூர்த் தடுப்புக்கு வடக்கே ஒரு கல்லும் நகரவில்லை.

எண்பதுகளில் நடந்தது இன்னும் கொடியது. இடைவெளி நிரம்பவில்லை. மாறாக, பேரளம் – காரைக்கால் ரயிலே நின்றது. எண்பதுகளின் பிற்பகுதியில் அந்தப் பாதையை மூடினார்கள். பிறகு தண்டவாளமும் பெயர்ந்தது. 1898க்கு முன்பு இருந்தது போல, காரைக்கால் மாவட்டத்தில் எங்குமே ரயில் இல்லாமல் போயிற்று.

1992இல் ரயில்வே எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. 1875இல் குறுகிய டெல்டா மறுபடி அகலமானது. நாகூர் வரை அகலப்பாதை வந்தது. அதன் பிறகுதான் வெட்டாற்றுக்கு வடக்கே வேலை நடந்தது. வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு நிலக்கரி கப்பலில் வந்து இறங்கியது. அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோக ரயில் வேண்டும்.

2011 டிசம்பரில் நாகூர் – காரைக்கால் பாதை திறந்தது. நான்கு ஆறுகளுக்கும் பாலம் கட்டியாகிவிட்டது. திருமலைராயன்பட்டினத்துக்கு அதன் பெயர் எழுதிய மஞ்சள் பலகையோடு ஒரு நிலையம் வந்தது. காரைக்காலுக்கு ரயில் திரும்பி வந்தது. இம்முறை தெற்கிலிருந்து, அரசலாற்றைத் தாண்டி. இன்று சென்னை எழும்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் காரைக்காலிலிருந்து எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. பெரும்பாலான நேரம் இந்தப் பாதையில் கண்ணில் படுவது நிலக்கரி ஏற்றிய நீண்ட சரக்கு வண்டிதான்.

எல்லைக்கோடு அழிந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து இடைவெளி மூடியது. எல்லையைக் குற்றம் சொல்லி முடிக்க முடியாதபடி இந்தக் கணக்கு நிற்கிறது. முதல் ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பொறுப்பு. அடுத்த ஐம்பத்தேழுக்கு நாம்தான் பொறுப்பு.

வாசகர்களிடம் ஒன்று

சட்டோ எஞ்சின்களைச் சேர்த்தார். ஆனால் ஒரு பாதையின் வாழ்க்கை எஞ்சினைவிடச் சிறிய பொருள்களில் அதிகம் தங்கியிருக்கிறது. தாமஸ் எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்து ஸ்டேஷன் மாஸ்டர் 1830களில் உருவாக்கிய கெட்டி அட்டை டிக்கெட் அதில் ஒன்று. நம் ஊரில் கம்ப்யூட்டர் டிக்கெட் வரும் வரை அதைத்தான் கையில் வாங்கினோம். இரண்டேகால் அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலம். புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், தேதி முத்திரை எல்லாம் அதில் இருக்கும். மூடிப்போன ஒரு பாதையின் டிக்கெட் கிடைத்தால், அன்று அந்த வண்டி ஓடியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

காரைக்கால், திருநள்ளாறு, அம்பகரத்தூர், பேரளம் பக்கத்து வாசகர்களே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய கணக்கு நோட்டின் இடுக்கில் அப்படி ஓர் அட்டை இருக்கலாம். காரைக்கால் நிலையத்தின் முன்னே நின்று எடுத்த கல்யாணப் போட்டோ இருக்கலாம். அந்தப் பாதையில் கேங்மேனாகவோ கார்டாகவோ வேலை பார்த்த பெரியவர் வீட்டில் கைவிளக்கு இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். வளாகத்து ரயில் அருங்காட்சியகமும், திருச்சியில் ரயில்வே பாரம்பரிய மையமும் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்த கம்பெனிப் பணிமனை 1928இல் திருச்சி பொன்மலைக்குத்தான் போனது. டெல்டா ரயிலின் நினைவுகள் போய்ச் சேர அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கொடுக்க மனமில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் கொடுத்து, இது என்ன என்று சொல்லி வையுங்கள்.

ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பேரளம் – காரைக்கால் பாதையை ஒரு வெளிநாட்டு அரசும் ஓர் ஆங்கிலக் கம்பெனியும் ஒரு ஜில்லா போர்டும் சேர்ந்து, நடுவே சுங்கச் சாவடியை வைத்துக்கொண்டே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். தடையெல்லாம் நீங்கி, ஒரே நாடு, ஒரே ரயில்வே என்று ஆன பிறகு முப்பத்தைந்து ஆண்டுகூட அது தாக்குப்பிடிக்கவில்லை. திருநள்ளாற்றுக்குக் கூட்டம் பெருகிக்கொண்டே போன காலத்தில் அந்த ரயிலை ஏன் நிறுத்தினார்கள்?

அடுத்த வாரம்: பேரளத்தில் பெயர்த்த தண்டவாளம்.